நாற்காலியில் பறந்தோம்!

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி எப்போதாவது ஆகாயத்தில் பறந்திருக்கிறதா? என் பெண் வீட்டு நாற்காலி தினம் இரண்டு தடவை பறந்தது!

அவள் இருப்பது அமெரிக்காவில், டல்லாஸ் நகரத்தில். சின்ன விமானத்தில் பிறருக்குக் கற்றுக் கொடுத்தே 1,500 மணி நேரம் பறந்து விட்டாள். இனிப் பெரிய கம்பெனி விமானத்தில் ஏற ஒரு பரீட்சை பாக்கி. 2009-ஆம் வருஷம் பஃபலோ நகரத்துக்கு அருகே ஒரு விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் மாண்டார்கள். அதன் பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். 2013 முதல் துணை விமானிக்கும் இந்த லைசென்ஸ் வேண்டும். தவறினால் மறுபடி போகலாம், வாஸ்தவம். ஆனால் தவறியது ஏட்டில் நின்றுவிடும். வேலை கொடுப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

நான் போய் இறங்கியபோது, விமானக் கருவிப் பலகையின் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத பிடியை இழுத்துக் கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"விமானிகள் இப்படித்தான் பழகுவோம், அம்மா. பக்கத்திலே உட்காரு. நீதான் துணை விமானி" என்றாள்.

எனக்குக் கிடைத்த உத்தியோகம் கூவுவது! விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது "வி ஒன்" என்று சொல்ல வேண்டும். அது ஒரு கணக்கு. அதற்கு முன்னால் இன்ஜின் நின்றால் பிரேக் போடலாம். அதைத் தாண்டிவிட்டால் நிற்பதற்குப் பாதை போதாது. மிச்சமிருக்கிற ஒரே இன்ஜினோடு கிளம்பியே ஆக வேண்டும். பரீட்சகர் அந்த இடம் பார்த்துத்தான் ஒரு இன்ஜினை நிறுத்துவாராம்! விமானம் செத்த இன்ஜின் பக்கம் இழுக்கும். எதிர்ப் பக்கத்துக் காலால் மிதித்து நேராக்க வேண்டும்.

"வி ஒன்" என்றேன். "இடது இன்ஜின் போச்சு" என்றேன். அடுத்த கணம் என்னையும் அறியாமல், "நிறுத்துடீ!" என்று கத்திவிட்டேன்.

அவள் திரும்பவில்லை. வலது கால் மட்டும் தரையை அழுத்தி நடுங்கிக் கொண்டிருந்தது.

"இதைத்தான் நாலு வருஷமாச் சொல்றே, அம்மா."

உங்களிடம் மறைப்பானேன்? சொன்னேன்தான். கல்யாண வயசு என்றேன், பாட்டி அழுகிறாள் என்றேன். டெலிபோனில் வேறு பேச்சே கிடையாது.

அதற்கப்புறம் பத்து நாள் ஒழுங்காகக் கூவினேன். இடது, வலது என்று மாற்றி மாற்றி இன்ஜினை நிறுத்தினேன், வாயைத் திறக்கவில்லை. காப்பி கலக்கும்போதுகூடக் கால் தானாக மிதித்தது, போங்கள்!

பரீட்சை சாயங்காலம் ஆரம்பம். முதலில் வாய்மொழிக் கேள்விகள். பிறகு நிஜ விமானம் போலவே ஆடி அசையும் யந்திர அறை. வாசலில் கார் வந்து நின்றபோது மணி இரண்டு. கையில் தாற்காலிக லைசென்ஸ் காகிதம் இருந்தது.

"எந்த இன்ஜின்?" என்று கேட்டேன்.

"இடது" என்றாள்.

தட்டில் தயிர் சாதம் போட்டேன்.