எங்கள் நூலகக் கணினி ஏன் திணறியது?



இம்முறை இலக்கணமும் இல்லை, தேர்வும் இல்லை. கணினியைப் பற்றிய செய்தி ஒன்றை எழுத வந்திருக்கிறேன். அதனுள் என் தவறு ஒன்றும் இருக்கிறது. சிறிய வகுப்பு நூலகம் நடத்தும் எவருக்கேனும் பயன்படலாம் என்பதால் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

குவீன்ஸ்டவுனில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் இரவல் நூலகம் ஒன்று உண்டு. சுமார் 2,000 நூல்கள், 60 பிள்ளைகள். இதே வட்டாரத்தில்தான் சிங்கப்பூரின் முதல் முழுநேரக் கிளை நூலகம் 1970ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே நொடியில் நூல் எடுத்துப் பழகிய பிள்ளைகள் எங்கள் மேசை முன் நெடுநேரம் நிற்கமாட்டார்கள். நூற்பட்டியலும் எட்டு ஆண்டு இரவல் பதிவுகளும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பு ஒன்றில் இருந்தன. அக்கோப்பு அலுவலக அறைக் கணினியின் பகிர்வு வட்டில் இருந்தது. அதை அமைத்தவள் நானே. அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

சென்ற ஆண்டின் இரண்டாம் தவணையில் அது திணறத் தொடங்கியது. ஒரு நூலைத் தேட முக்கால் நிமிடம். வரிசை கதவு வரை நீளும். தொடக்கநிலை நான்கில் படிக்கும் சிறுமி ஒருத்தி, கீழே தந்தை காத்திருப்பதாகச் சொல்லி, கையிலிருந்த கதைப்புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இரவல் மேசையில் அமர்ந்திருந்தவர் ஒரு மாணவனின் தாயார், தொண்டூழியர். அவரிடம் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். "நீங்க உங்க கணினியத் திறந்தாத்தான் டீச்சர் இது படுத்துடுது" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் அவரை நூல் அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டு மேசையில் வேறொருவரை அமர்த்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேகம் கூடவுமில்லை. பழுதுபார்க்க வந்தவர் புதுக் கணினி வாங்கச் சொல்லிச் சென்றார்.

பின்னொரு சனிக்கிழமை, பள்ளிக் கூட்டம் நீண்டதால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தேன். வரிசையே இல்லை. என் மடிக்கணினியைத் திறந்து வாசிப்புக் குறிப்புகளைப் பதியத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் வரிசை கதவைத் தொட்டது. அந்தத் தாயார் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். அவர் சாக்குச் சொல்லவில்லை. நோயின் குறியைத் துல்லியமாகச் சொல்லியிருந்தார்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். ஆக்சஸ் கோப்பு பகிர்வு வட்டில் இருக்கும்போது, அந்த வட்டுள்ள கணினி தேடித் தருவதில்லை. தேடும் வேலை முழுவதும் நம் முன்னுள்ள கணினியுடையது. அதற்கு வேண்டிய பகுதிகள் 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக வலையமைப்பின் வழியே வந்து சேர வேண்டும். நூலகரிடம் நூலின் பெயரைச் சொல்லி வாங்கிவருவது ஒரு முறை. அலமாரி அலமாரியாக வீட்டுக்குச் சுமந்துவந்து தேடுவது இன்னொரு முறை. நாங்கள் செய்துகொண்டிருந்தது இரண்டாவது. ஒரு தேடலுக்கு எழுநூறு பக்கங்கள் வரவேண்டும், ஒவ்வொன்றும் போய்வர ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், மூன்றரை நொடி போய்விடும். என் வினவலோ ஒரே அட்டவணையைப் பலமுறை புரட்டியது.

இரண்டாம் கணினி சேர்ந்தால் ஏன் மோசமாகிறது? ஒருவர் மட்டும் திறந்திருக்கையில் அவருடைய கணினி, தான் ஒருமுறை படித்த பக்கங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வேறு எவரும் கோப்பை மாற்றப்போவதில்லை அல்லவா? மற்றொருவர் திறந்ததும் அச்சலுகை போய்விடுகிறது. எதையும் மீண்டும் வட்டிலிருந்தே கேட்டறிய வேண்டும். மேலும், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பு ஒன்று பக்கத்தில் உருவாகும். படிவத்தைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கோப்புடன் தொடர்பை அறுத்துப் புதுப்பித்தால், அந்தப் பூட்டுச் சடங்கும் திரும்பத் திரும்ப நடக்கும். எங்கள் படிவங்கள் அப்படித்தான் இருந்தன.

மருந்து எளியது. படிவங்களையும் வினவல்களையும் தனிக்கோப்பாகப் பிரித்து ஒவ்வொரு கணினியிலும் வைத்தேன். அட்டவணைகள் மட்டும் பகிர்வு வட்டில். தொடக்கத்திலேயே சிறிய அட்டவணை ஒன்றைத் திறந்து, வேலை முடியும்வரை மூடாமல் வைக்கும்படி செய்தேன். தொடர்பு அறுவதேயில்லை. இரவல் மேசைக் கணினிக்கு வைஃபையை விடுத்துக் கம்பி இழுத்தோம். வைஃபை நடுவில் அறுந்தால் இவ்வகைக் கோப்பு பழுதாகவும் கூடும். ஆகவே வேகம் போதும் என்பவர்களும் கம்பியே இழுக்க வேண்டும் என்பது என் கருத்து. இவற்றுக்கெல்லாம் முன்னர்க் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மீதமிருந்த தாமதம் நம் பெயர்களில் ஒளிந்திருந்தது. நூலாசிரியர் பெயரை நா. கோவிந்தசாமி, மா. இளங்கண்ணன் என்று தலைப்பெழுத்தோடு ஒரே கட்டத்தில் பதிந்திருந்தேன். பிள்ளைகளோ 'இளங்கண்ணன்' என்றுதான் கேட்பார்கள். அதனால் தேடுசொல்லின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி இட்டிருந்தேன். முன்னால் நட்சத்திரம் வந்தால் அகரவரிசைச் சுட்டு பயன்படாது. அகராதியில் 'ன்' என்று முடியும் சொற்களைத் தேடுவது போல முதற்பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். தலைப்பெழுத்துக்குத் தனிக்கட்டம் அமைத்து, பெயர்க்கட்டத்துக்குச் சுட்டு இட்டு, முன் நட்சத்திரத்தை நீக்கினேன். ஒரு நொடிக்குள் விடை வந்தது. (கோவிந்தசாமி 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவர், ஆசிரியர்களைப் பயிற்றிய தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர். அவர் பெயரே என் வினவலைத் தடுமாறச் செய்தது வேடிக்கைதான்.)

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்று முதலில் தேடியது அந்தத் தொடக்கநிலை நான்கு மாணவியின் பதிவை. ஐந்து சனிக்கிழமைகள் வெறுமையாக இருந்தன. அவள் விட்டுச்சென்ற புத்தகத்தை எடுத்துவைத்து, வகுப்பில் கையில் கொடுத்தேன். பாதி வாசித்திருந்ததாகச் சொன்னாள். வரிசையில் நிற்கையில் வாசித்ததாம்.

அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் மேசைக்கு வரவேண்டினேன்.

"பரவாயில்ல டீச்சர். அடுக்குறப்பதான் எந்தெந்தப் புத்தகத்த யாருமே தொடுறதில்லன்னு தெரிஞ்சுச்சு" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகள். பெரும்பாலானவை நான் தேர்ந்தெடுத்து வாங்கியவை. இப்போது பதினோரு மணிவரை மேசையில் இருக்கிறார். அதன்பின் அலமாரிப் பக்கம் போய்விடுகிறார்.