தோற்றவர் வெளியேறாத ஆட்டம்



மாவட்டச் சதுரங்கப் போட்டி முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும், சக ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "எத்தனை கோப்பை?" கேட்பதில் தவறில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மேடையேறிப் பரிசு பெறுவதைக் காண யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆயினும் சதுரங்கக் கழகப் பொறுப்பாசிரியர் என்ற முறையில், ஓர் எண்ணை மட்டும் விடையாகச் சொல்லிவிட்டுச் செல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கேள்விக்குரிய முழுமையான விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்களுடையது சிறிய பள்ளி. மாணவர் எண்ணிக்கை நூறைத் தொடுவதே அரிது. காற்பந்துக்கு ஒரு குழுவைத் திரட்டுவதற்குள் மூச்சு முட்டிவிடும். சதுரங்கத்திற்கோ இரண்டு பேர் போதும், திடல் வேண்டியதில்லை, மழை பெய்தாலும் ஆட்டம் நிற்பதில்லை. இந்த வசதி கருதித்தான் கழகத்தைத் தொடங்கினோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பத்துப் பலகைகளை வாங்கித் தந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் இரண்டு சதுரங்கக் கடிகாரங்களை அன்பளிப்பாக அளித்தார். புதன்கிழமைதோறும் பிற்பகலில், நூல்நிலையத்தின் மேசைகளை ஒன்றுசேர்த்துக்கொண்டு கூடுகிறோம்.

கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் பாடம். வெண்பலகையில் ஒரு நிலையை வரைந்து, "வெள்ளை அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பேன். உடனே விடை சொல்லக்கூடாது. மூன்று நிமிடம் வாய்திறவாமல் சிந்திக்க வேண்டும் என்பது விதி. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இந்த மூன்று நிமிட மௌனம்தான் பெரிய சோதனை. அதன்பின் ஆட்டம். ஆடுகின்ற ஒவ்வொரு நகர்வையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும், தோற்றவர் தம் குறிப்பேட்டைப் பார்த்து எந்த நகர்வில் சறுக்கினோம் என்பதைத் தாமே கண்டுபிடித்து வட்டமிட வேண்டும். வென்றவர் அருகிலிருந்து உதவலாம், ஆனால் சிரிக்கக்கூடாது.

தொடக்கத்தில் எல்லாரும் ஒரே தந்திரத்தைத்தான் கற்றுக்கொண்டு வருவார்கள். நான்கே நகர்வில் எதிரியின் அரசனை மடக்கும் தந்திரம் அது. அண்ணனிடமோ கைப்பேசியிலோ கற்றிருப்பார்கள். முதல் வாரம் அதனால் வெற்றி கிடைக்கும். இரண்டாம் வாரம் எல்லாரும் அதைத் தடுக்கக் கற்றுவிடுவார்கள். அப்போது, வெளியே வந்துவிட்ட அரசியை எதிரியின் குதிரைகள் துரத்த, மாணவர் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார். குறுக்குவழி முடிந்துவிட்டது, இனிக் கற்க வேண்டும் என்று அவருக்குப் புரிகின்ற அந்த இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது.

சதுரங்கம் என்ற சொல்லின் பொருளையும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். நான்கு உறுப்புகளைக் கொண்ட படை என்பதே அதன் பொருள்: யானை, தேர், குதிரை, காலாள். இதே சொல்தான் மலாயில் 'சாத்தூர்' என்று வழங்குகிறது. பலகையின் மூலையில் நிற்கும் காயை மலாயில் 'தீர்' என்பார்கள். அது நம் 'தேர்' என்ற சொல்லிலிருந்து சென்றது என்பது அறிஞர் கருத்து. இதைச் சொன்னபோது மாணவர்கள் முகத்தில் கண்ட பெருமிதத்தை எந்த மொழிவிழாவிலும் நான் கண்டதில்லை.

ஆனால் இந்த உறவிலேயே ஒரு சிக்கலும் உண்டு. நாம் மூலைக் காயை யானை என்கிறோம். மலாயில் 'காஜா', அதாவது யானை, என்பது சாய்வாகச் செல்லும் வேறொரு காய். அந்தச் சாய்வுக் காயை நாம் மந்திரி என்கிறோம். மலாயில் 'மெந்திரி' என்பதோ மரபாக அரசியைக் குறிக்கும்! பள்ளியில் தமிழில் கற்ற பிள்ளை, போட்டி மண்டபத்தில் நடுவர் மலாயில் பேசும்போது குழம்பாமல் என்ன செய்யும்? ஆகவே, எங்கள் கழகச் சுவரில் ஆறு காய்களின் பெயர்களையும் இரு மொழிகளிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். தமிழ்ப்பள்ளிகளில் சதுரங்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நன்று.

இனிப் போட்டிக்கு வருவோம். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் நம் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடுகிறார்கள். மாவட்டத்தில் சிறந்தவர்கள் மாநிலத்திற்கும், அங்கே சிறந்தவர்கள் தேசிய நிலைக்கும் செல்வார்கள். ஆட்டம் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடைபெறும். 1895இல் சூரிக் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியொன்றில் முதன்முதலாகப் பயன்பட்டதால் அப்பெயர் வந்தது. ஓட்டப்பந்தயத்தில் தகுதிச் சுற்றில் பின்தங்கிய பிள்ளை அத்துடன் வீடு திரும்ப வேண்டியதுதான். சுவிஸ் முறையிலோ தோற்றவர் வெளியேறுவதில்லை. வெற்றிக்கு ஒரு புள்ளி, சமநிலைக்கு அரைப்புள்ளி. அடுத்த சுற்றில், ஏறக்குறைய அதே புள்ளியைப் பெற்ற இன்னொருவருடன் மோத வேண்டும். 6 சுற்று என்றால், முதல் சுற்றில் தோற்ற பிள்ளையும் ஆறாம் சுற்றுவரை ஆடியே தீர வேண்டும்.

இதைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது அவசியம். முதற்சுற்றில் தோற்று வெளியே வரும் பிள்ளையிடம், "இப்படியா ஆடுவாய்? வந்ததே வீண்!" என்று வாசலிலேயே கடிந்துகொள்ளும் பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இன்னும் ஐந்து சுற்று ஆட வேண்டும் ஐயா! அடுத்த சுற்றுக்கு அது பலகையின் முன் அமரும்போது எதிரில் இருப்பவரை நினைக்குமா, வாசலில் நிற்கும் தந்தையை நினைக்குமா? அந்த இடைவேளையில் ஒரு பொட்டலம் மீகூனும் ஒரு புட்டித் தண்ணீரும் தந்தால் போதும். நகர்வுகளைப் பற்றிப் பேச நாங்கள் இருக்கிறோம்.

போட்டியில் நம் பிள்ளைகள் எங்கே தோற்கிறார்கள் என்பதை ஒரு நிகழ்ச்சி எனக்குக் காட்டியது. ஆண்டு 4 மாணவன் ஒருவன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த சிறுவன் தன் அரசியைத் தொட்டுவிட்டு, ஆபத்தைக் கண்டதும் அதை விட்டு வேறொரு காயை நகர்த்தினான். தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்பது சதுரங்கத்தின் அடிப்படை விதி. கையை உயர்த்தி நடுவரை அழைத்திருந்தால் அந்த ஆட்டம் நம் மாணவனுக்கே. அவனோ வாய்திறக்கவில்லை, கடைசியில் தோற்றான். வெளியே வந்ததும், "பார்த்தாயா, பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். "பார்த்தேன் சார். மலாயில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொன்னால் திட்டுவார்களோ என்று பயமாக இருந்தது" என்றான்.

அந்த விடை பல நாள் என்னை உறுத்தியது. விதி அவனுக்குத் தெரியும். நியாயம் அவன் பக்கம் இருந்தது. கையை உயர்த்தத்தான் துணிவில்லை. நாளை அவன் ஓர் அலுவலக முகப்பிலோ மருத்துவமனையிலோ வேலையிடத்திலோ நிற்கும்போதும் இதே நிலைதானா? அடுத்த புதன்கிழமை முதல் கழகத்தில் ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினோம். ஒருவர் வேண்டுமென்றே விதியை மீறுவார். மற்றவர் கடிகாரத்தை நிறுத்தி, கையை உயர்த்தி, நடந்ததை மலாயில் இரண்டே வாக்கியத்தில் பணிவாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டும். முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு போட்டி போட்டுக்கொண்டு கையுயர்த்தினார்கள். அடுத்த போட்டியில் அதே மாணவன் ஒருமுறை நடுவரை அழைத்தான். நடுவர் அவனுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். அவன் தலையசைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். நான் அன்று கோப்பையை எண்ணவில்லை.

"சதுரங்கம் ஆடினால் கணிதத்தில் மதிப்பெண் கூடுமா?" என்பது பெற்றோர்கள் வழக்கமாகக் கேட்கும் இன்னொரு கேள்வி. கூடும் என்று சொல்லிவிட்டால் கழகத்தில் கூட்டம் சேரும். ஆயினும் உண்மையைச் சொல்வதே ஆசிரியருக்கு அழகு. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடையே ஒரு பெரிய ஆய்வு செய்யப்பட்டு 2016இல் முடிவு வெளியிடப்பட்டது. சதுரங்கம் கற்ற மாணவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, கணித அடைவில் முன்னேற்றம் ஏற்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையை அனுப்பாதீர்கள். தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்கவும், தோற்றபின் எதிரியின் கையைக் குலுக்கவும் பழகட்டும் என்று அனுப்புங்கள்.

2024 டிசம்பர் 12ஆம் நாள், அண்டை நாடான சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று உலக வெற்றியாளரானார். அப்போது அவருக்கு வயது 18. 13 ஆட்டங்கள் முடிந்தும் இருவரும் சமநிலையில் இருக்க, இறுதியான 14ஆம் ஆட்டமே முடிவைத் தந்தது. 2025 பிப்ரவரியில் புதிய பள்ளியாண்டு தொடங்கியபோது எங்கள் கழகத்தில் சேர வந்தவர்களின் எண்ணிக்கை என்னையே வியக்க வைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் "என் மகனையும் குகேஷ் போல் ஆக்கிவிடுங்கள்" என்று கேட்டவர்களிடம் ஒன்றைச் சொன்னேன். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளிக்குச் செல்லவில்லை. மருத்துவரான அவர் தந்தை தம் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனுடன் நாடு நாடாகச் சென்றார். அது ஒரு குடும்பம் தெரிந்தே ஏற்ற பெரும் துணிகரம். அதை வழிபடலாம், எல்லா வீட்டுக்கும் விதியாக்க முடியாது.

எங்கள் பள்ளி அளவிலான துணிகரம் ஒன்றையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் மாணவி ஒருத்தி மாநில நிலைக்குத் தேர்வானாள். தந்தை லாரி ஓட்டுநர்; தாய் தொழிற்சாலையில் இரவு வேலை. "பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை சார். இந்த விளையாட்டு அவளுக்குச் சோறு போடுமா?" என்றார் தந்தை. போடாது என்றுதான் நானும் சொன்னேன். "அவள் தானாக உழைத்துப் பெற்ற இடம் இது. அதை நாம் வேண்டாம் என்று சொன்னால், இனி எதற்கு உழைப்பாள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் விடை சொல்லாமல் போய்விட்டார். போட்டியன்று காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில், இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளுடன் நின்றுகொண்டிருந்தார். அவள் அங்கே பெற்றது 6 சுற்றுகளில் இரண்டரைப் புள்ளி. பரிசு எதுவுமில்லை. திரும்பும் வழியெல்லாம், தவறவிட்ட ஒரு சமநிலையைத் தந்தைக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். சதுரங்கம் அறியாத அவரும் 'உம்' கொட்டிக்கொண்டே வந்தார்.

அவள் இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கிறாள். அங்கேயும் சதுரங்கக் கழகம் உண்டு. ஆனால் கூட்டம் முடிந்தபின் அவள் வீட்டுப் பக்கம் செல்லும் பேருந்து இல்லை, எனவே சேரவில்லை. ஆறாண்டு கட்டிக்காத்த ஆர்வம் ஒரு பேருந்து இல்லாததால் நின்றுபோகிறது! எங்கள் கழகத்திலிருந்து சென்ற பிள்ளைகளில் பாதிப்பேரின் கதை இதுதான்.

ஆகவே பெற்றோர்களுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, பிள்ளை ஆடித் திரும்பியதும் "வென்றாயா?" என்று கேட்பதற்குமுன் "எந்த நகர்வு கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். இரண்டாவது, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டபின்னும் புறப்பாடத்தை நேரவிரயமாக எண்ணும் பழைய அச்சத்தை விட்டொழியுங்கள். மூன்றாவது, ஒரே வட்டாரத்தில் வசிக்கும் நான்கு பெற்றோர்கள் சேர்ந்து, வாரம் ஒருவராக மகிழுந்தில் பிள்ளைகளை ஏற்றிவரும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். இடைநிலைப்பள்ளியிலும் அது தொடரட்டும்.

இந்த மூன்றாவதை இவ்வாண்டு எங்கள் பள்ளியில் தொடங்கியிருக்கிறோம். இதுவரை இரண்டு மகிழுந்துகள் கிடைத்துள்ளன. பட்டியல் நூல்நிலையக் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. வெற்றிடங்கள் இன்னும் உள்ளன.