ஏழு வருஷ முற்றுகை... செஞ்சி மலையில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை போகிற பஸ், செஞ்சி ஊரைத் தாண்டியதும் கோட்டைக்குள்ளேயே புகுந்து போகும். இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி, சற்றுத் தள்ளி சந்திரகிரி. யாரோ பாறைகளை லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும் இந்த மூன்று குன்றுகளையும் மதிலால் முக்கோணமாக இணைத்ததுதான் செஞ்சிக் கோட்டை.

இதில் உயரமானது ராஜகிரி, சுமார் 800 அடி. பங்குனி, சித்திரையில் மதியம் இந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. இங்கேதான் மராட்டிய அரசர் ராஜாராம், சிவாஜியின் இளைய மகன், 1689இல் வந்து அடைக்கலம் புகுந்தார். அடுத்த வருஷமே ஒளரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் படையோடு வந்துவிட்டார். கோட்டை விழுந்தது 1698 ஜனவரியில். இடையில் முற்றுகை விட்டுவிட்டு நடந்தது என்றாலும், ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு படை இந்தப் பாறைக்குள் தாக்குப்பிடித்திருக்கிறது.

எப்படி? மதிலின் கனத்தைப் பார்த்து வியப்பவர்கள் கொஞ்சம் குளங்களையும் பார்க்க வேண்டும். அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம். மலைமேலும் சுனைகள் உண்டு. மழை பெய்தால் மொட்டைப் பாறையில் ஒரு சொட்டு தங்காது, வழிந்து பள்ளத்துக்குத்தான் வரும். அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறார்கள். கீழ்க்கோட்டையில் இருக்கும் கல்யாண மகால் இன்னும் சுவாரஸ்யம். அடுக்கடுக்காக உயரும் அந்தக் கோபுர மாளிகையின் மேல் மாடிகளுக்குச் சுட்ட மண் குழாய்களில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மோட்டார் இல்லை, உயரத்தில் இருக்கும் நீர் தாழ்வுக்கு வரும் என்ற கணக்கு மட்டும்தான்.

சாப்பாட்டுக்குத் தானியக் களஞ்சியங்கள். கீழே ஒன்று மாளிகை அளவுக்கு இருக்கிறது. தடித்த சுவர்கள், வளைவுக் கூரை, உள்ளே போனால் சட்டென்று வெயில் குறையும். கிருஷ்ணகிரியிலும் ராஜகிரி உச்சியிலும் களஞ்சியங்கள் உண்டு. கீழே எல்லாம் பறிபோனாலும் உச்சியில் இருப்பவர்கள் உலை வைக்கலாம். அந்த உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று. அன்று அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் கதை முடிந்தது!

வேடிக்கை என்னவென்றால், முற்றுகை போட்டவர்கள்தான் பட்டினி கிடந்தார்கள். 1692 கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரும் வெளியில் இருந்து வந்து மொகலாயப் படையின் தானிய வழிகளை அடைத்துவிட்டார்கள். சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வந்து கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, முன்பே தப்பிப் போயிருந்தார்.

இதே கணக்கை இன்றைக்கு இந்தியா போடுகிற இடம் ஒன்று உண்டு: அண்டார்க்டிகா. அங்கே 1989இல் அமைந்த மைத்ரி ஆய்வு நிலையத்துக்குக் கோடைக்காலத்தில்தான் கப்பல் போக முடியும். குளிர்காலத்தில் தங்குகிற சிறு குழு, சேமித்த உணவையும் எரிபொருளையும் வைத்துத்தான் மாதங்களை ஓட்ட வேண்டும். குடிநீர் பக்கத்து பிரியதர்ஷினி ஏரியில் இருந்து வருகிறது. அதற்கு முந்தைய தட்சிண கங்கோத்ரி, பனித்தட்டின் மேல் கட்டப்பட்டதால் பனியில் புதைந்தே போனது. மைத்ரியைப் பாறைமேல் கட்டினார்கள். செஞ்சிக்காரர்களிடம் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள்!

செஞ்சியின் கதை மராட்டியரோடு முடியவில்லை. 1714இல் ஆற்காடு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனைத்தான் இன்றும் ஊர் பாடுகிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையைப் பிடித்தார்கள். 1761இல் புதுச்சேரி விழுந்த பிறகும் இங்கே சில மாதம் அவர்கள் கொடி பறந்தது, அப்புறம் ஆங்கிலேயர் வசமானது.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12க்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்ன அங்கீகாரம் கிடைத்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான்.

ராஜகிரி ஏறுவதென்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். முதியவர்கள் கல்யாண மகால், களஞ்சியம், வேங்கடரமணர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கே அரை நாள் ஆகும். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள். கையில் பிடித்திருந்தால் பாதி வழியிலேயே குரங்கு வாங்கிக்கொண்டு போய்விடும்.