நிபந்தனையற்ற உத்தரவாதம்: வங்கி வாக்கு மாறினால்?

ஒரு ஒப்பந்ததாரர் பாலம் கட்டும் வேலையை எடுக்கிறார். பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்று அரசுத் துறைக்குப் பயம். அதற்காகத்தான் பேங்க் கேரண்டி. "வேலை சரியில்லை, பணத்தைக் கொடு" என்று துறை எழுதிக் கேட்டால் வங்கி மறுபேச்சில்லாமல் கொடுக்க வேண்டும். தப்பு யார் மேல் என்று விசாரிப்பது வங்கியின் வேலை அல்ல.

சொல்வது சுலபம். அந்தக் கடிதம் வரும் நாளில் மேலாளரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! ஒப்பந்ததாரர் பல வருட வாடிக்கையாளர். "சார், ரெண்டு நாள் பொறுங்க, கோர்ட்டுல தடை வாங்கிடறேன்" என்று போனில் கெஞ்சுகிறார். கொடுத்த பணத்தை அவரிடம் வசூலிக்க முடியாவிட்டால் நஷ்டம் வங்கிக்குத்தான். "தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று இழுத்தடிக்கத் தோன்றும்.

இந்த இடத்தில்தான் ரிசர்வ் வங்கி குறுக்கே வருகிறது. 2015 ஜூலை 1 தேதியிட்ட அதன் மாஸ்டர் சர்க்குலர் இந்த இழுத்தடிப்பைக் கண்டித்தது. தாமதம் ஆக ஆக, கட்சிக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்க வழி கிடைக்கிறது. வங்கியும் அவருக்கு உடந்தையோ என்ற சந்தேகமும் எழுகிறது. அதனால் அரசுத் துறைகளிடமிருந்து வரும் இத்தகைய புகார்களுக்குத் தலைமை அதிகாரியே நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்றும், மீறும் வங்கிகள் மீது கடும் நடவடிக்கை பாயும் என்றும் அது எச்சரித்தது.

வெறும் மிரட்டல் அல்ல இது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949-ன் கீழ் வரும் உத்தரவுகளை மீறினால் 47ஏ பிரிவின்படி அபராதம் உண்டு. 1 கோடி ரூபாய் வரை, அல்லது சம்பந்தப்பட்ட தொகையைக் கணக்கிட முடிந்தால் அதன் இரு மடங்கு வரை, இதில் எது அதிகமோ அது!

சரி, கோர்ட் என்ன சொல்கிறது? உத்தரப்பிரதேசத்தில் ஒரு வனஸ்பதி ஆலை தொடர்பாக எழுந்த சிங் கன்சல்டன்ட்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் தந்த தடையை, 1987-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அப்பட்டமான மோசடி, ஈடுசெய்யவே முடியாத அநீதி, இந்த இரண்டுக்கு மட்டுமே விதிவிலக்கு. மற்ற தகராறு எல்லாம் பணம் கொடுத்த பிறகுதான்.

ஒப்பந்ததாரருக்கு இது கொடுமை போலத் தெரியலாம். ஆனால் வங்கியின் காகிதத்தை நம்ப முடியாது என்றாகிவிட்டால், துறைகள் ரொக்கமாகவே டெபாசிட் கேட்கும். அவ்வளவு பணத்தை முடக்கி வைக்கப் பெரிய கம்பெனிகளால் முடியும். சின்ன ஒப்பந்ததாரரோ டெண்டர் பக்கமே தலைகாட்ட முடியாது. ஆகவே இன்று அவரைக் கெஞ்ச வைக்கும் அதே கண்டிப்புதான், நாளை அவருக்கு அடுத்த வேலையை வாங்கித் தருகிறது.