நடக்காத வாள்வெட்டு செய்தியாகுமா?

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு சந்தியில் வாள்வெட்டுச் சம்பவமொன்று இடம்பெற்றால் மறுநாள் அது பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்துவிடும். முகத்தை மறைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் எத்தனை பேர், வெட்டுக்காயங்களுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவரின் வயது என்ன, சேதமாக்கப்பட்ட வீட்டின் யன்னல்கள் எத்தனை என்பவையெல்லாம் விபரமாகச் சொல்லப்படும். அடுத்து வரும் நாட்களில் கைது, விளக்கமறியல், பிணை என்று அந்தச் செய்தி வளர்ந்துகொண்டே போகும். அதே மாதத்தில் வேறொரு கிராமத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பத்துப் பேர் அத்தகைய குழுவொன்றில் சேராமல் யாரோ ஒருவரால் தடுக்கப்பட்டிருந்தால் அது எங்குமே பதிவாவதில்லை.

முப்பது வருடங்களுக்கும் மேலாகச் செய்தி ஆசிரியபீடங்களில் காலம் கழித்தவன் என்ற முறையில் இதற்கான காரணத்தை நான் அறிவேன். நடந்ததைச் சொல்வதே செய்தி. நடக்காமல் போனதை எவ்வாறு சொல்வது? இளைஞர் குற்றங்களைக் குறைப்பதற்குப் பாடுபடுபவர்களின் வெற்றி என்பதே ஏதோவொன்று நடக்காமல் போவதில்தான் இருக்கிறது. அதனால் தோல்வி எல்லோருடைய கண்களுக்கும் தெரிகிறது. வெற்றி யாருடைய கண்ணிலும் படுவதில்லை. எமது அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் கண்ணுக்குத் தெரிவதற்கே பணம் ஒதுக்குவார்கள் என்பதால் இது வெறுமனே பத்திரிகைத் துறை சம்பந்தப்பட்ட பிரச்சினையல்ல.

நடக்காததையும் எண்ணிக் காட்டமுடியும் என்பதை நிரூபித்த நகரம் ஒன்று இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவை இந்த நூற்றாண்டின் முதல் தசாப்தத்தில் ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்று பத்திரிகைகள் வர்ணித்தன. கப்பல் கட்டும் தொழிலும் கனரகக் கைத்தொழில்களும் நலிவடைந்த பிறகு வேலையின்மையும் மதுவும் குடிகொண்ட அதன் கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளில் இளைஞர் கும்பல்கள் தலைமுறை தலைமுறையாக இயங்கிவந்தன. ஒரு தெருவைச் சேர்ந்த பையன் அடுத்த தெருவுக்குள் கால் வைத்தால் கத்தி பேசும். பணத்துக்காகவோ போதைப்பொருள் வியாபாரத்துக்காகவோ நடந்த சண்டைகளைவிட, எங்கள் இடம், உங்கள் இடம் என்ற வீம்புக்காக நடந்தவையே அதிகம்.

2005 ஜனவரியில் அப்போதைய ஸ்ட்ராத்கிளைட் பொலிஸ் படை வன்முறைக் குறைப்புப் பிரிவு என்று ஒரு சிறிய அலகை ஆரம்பித்தது. தாதியாகப் பயிற்சி பெற்றுப் பின்னர் பொலிஸ் புலனாய்வுப் பகுப்பாய்வாளராகப் பணியாற்றிய கரின் மக்ளஸ்கியும் கொலை விசாரணைகளில் நீண்ட அனுபவம்கொண்ட பொலிஸ் அதிகாரி ஜோன் கார்னொக்கனும் அதற்குத் தலைமை தாங்கினர். வன்முறையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அணுகவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே அவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது. டெங்குக் காய்ச்சல் வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தால் மாத்திரம் போதாது, நுளம்பு பெருகும் இடங்களையும் தேடிப்போகவேண்டும் என்பது எமக்குப் பழகிப்போன விடயம். அதையே அவர்கள் கத்திக்குத்துகளுக்குப் பிரயோகித்துப் பார்த்தார்கள். புதிதாகப் பொலிஸாரைச் சேர்ப்பதைவிட எமது குடும்பநல உத்தியோகத்தர்களைப் போன்று சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்குச் செல்லும் தாதியரின் எண்ணிக்கையை அதிகரிப்பதையே தான் விரும்புவதாகக் கார்னொக்கன் பகிரங்கமாகக் கூறியிருந்தார். ஒரு கொலை விசாரணை அதிகாரியின் வாயிலிருந்து அத்தகைய கருத்து வந்தது பலரையும் சிந்திக்கவைத்தது.

அந்தப் பிரிவு முன்னெடுத்த பணிகளில் அதிகம் பேசப்பட்டது 2008 ஒக்டோபரில் தொடங்கியது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1990களின் நடுப்பகுதியில் கையாளப்பட்ட ஒரு முறையைத் தழுவி, கிழக்கு கிளாஸ்கோவின் கும்பல்களைச் சேர்ந்த இளைஞர்கள் ஷெரிப் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள்மீது அன்று எந்த வழக்கும் இல்லை. நீங்கள் யார், எந்தக் கும்பல் என்பதை நாம் அறிவோம், உங்களில் ஒருவன் கத்தியை எடுத்தால் கும்பல் முழுவதன் பின்னாலும் வருவோம் என்று முதலில் பொலிஸார் எச்சரித்தனர். அடுத்து வைத்தியர் ஒருவர் வெட்டுக்காயங்கள் முகத்துக்கு என்ன செய்கின்றன என்பதை விளக்கினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருவர் தனது வேதனையைச் சொன்னார். கும்பல் வாழ்க்கையில் இருந்து மீண்ட ஒருவரும் பேசினார். இறுதியில் அவர்களுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் கொடுக்கப்பட்டது. வன்முறையைக் கைவிடுகிறேன், ஆயுதம் வைத்திருக்கமாட்டேன் என்ற வாக்குறுதியுடன் அந்த இலக்கத்துடன் தொடர்புகொண்டவனுக்குத் தொழிற்பயிற்சி, கல்வி, ஆலோசனை, விளையாட்டு, வேலை தேடுவதற்கு உதவி எல்லாம் கிடைத்தன. எச்சரிக்கையும் அரவணைப்பும் ஒரே மண்டபத்தில், ஒரே நாளில் வந்ததுதான் அந்த முறையின் சூட்சுமம்.

வைத்தியர்களின் பங்களிப்பு நீதிமன்றத்துடன் நின்றுவிடவில்லை. வெட்டுப்பட்ட முகங்களைத் தைத்துத் தைத்துச் சலித்துப்போன சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலர் அதே 2008ஆம் ஆண்டில் வன்முறைக்கு எதிரான மருத்துவர்கள் என்ற அமைப்பை உருவாக்கிப் பாடசாலைகளுக்குச் சென்று மாணவர்களுடன் பேசத்தொடங்கினர். 2015 இறுதியில் கிளாஸ்கோ ரோயல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வழிகாட்டிகள் என்ற பெயரில் சிலர் பணியில் அமர்த்தப்பட்டனர். கத்திக்குத்துக் காயத்துடன் கட்டிலில் கிடக்கும் இளைஞனின் மனம் பழிவாங்கலை நோக்கிப் போவதற்கு முன்னர் அவனருகே போய் அமர்ந்து பேசுவதே அவர்களுடைய வேலை. அந்த இளைஞன் எங்கிருந்து வந்தானோ அதே வாழ்க்கையில் இருந்து தாங்களும் வந்தவர்கள் என்பதே அவர்களில் பலருக்கு இருந்த தகைமை.

பலன் என்ன? 2006 ஏப்ரலுக்கும் 2011 ஏப்ரலுக்கும் இடையில் ஸ்கொட்லாந்தில் கத்தி சம்பந்தப்பட்ட கொலைகளில் 40 சிறுவர்களும் பதின்ம வயதினரும் உயிரிழந்தனர். அவர்களில் 15 பேர் கிளாஸ்கோவைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதிலும் அந்த எண்ணிக்கை எட்டாகக் குறைந்தது. கிளாஸ்கோவில் ஒருவர்கூட இல்லை. 2004 - 05 காலகட்டத்தில் 130க்கும் அதிகமான கொலைகள் பதிவான ஸ்கொட்லாந்தில் 2022 - 23 காலகட்டத்தில் பதிவானவை 52.

இவையெல்லாம் அந்த ஒரு பிரிவின் சாதனை என்று சொல்லிவிடமுடியாது. கத்தி வைத்திருப்பதற்கான உச்சபட்சச் சிறைத்தண்டனை அதே காலகட்டத்தில் அதிகரிக்கப்பட்டது. வீதிகளில் பொலிஸ் சோதனைகளும் கடுமையாக இருந்தன. வேறு பல மேற்கு நாடுகளிலும் வன்முறைகள் குறைந்துகொண்டிருந்தன. 2014இல் வெளியான ஆய்வொன்றின்படி, திட்டத்துடன் இரு வருடங்கள் இணைந்திருந்த இளைஞர்கள் மத்தியில் ஆயுதம் வைத்திருக்கும் குற்றம் 84 சதவீதத்தால் குறைந்த அதேவேளை, திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவிலும் அது 40 சதவீதத்தால் குறைந்திருந்தது. உடல்ரீதியான வன்முறையைப் பொறுத்தவரை இரு தரப்பினருக்கும் இடையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு காணப்படவில்லை. தங்களது வெற்றியையே இவ்வாறு தராசில் வைத்துப் பார்த்ததுதான் எமக்கு முக்கியமான பாடம் என்று நான் கருதுகிறேன். அளந்து பார்க்காத பணியைப் பாராட்டலாம். ஆனால் அதை இன்னொரு ஊருக்கு எடுத்துச்செல்ல முடியாது.

கிளாஸ்கோவுக்குக் கிடைத்த அங்கீகாரமும் கவனத்துக்குரியது. ஒரு நகரின் பொலிஸ் பிரிவாகத் தொடங்கியதை அடுத்த வருடமே ஸ்கொட்லாந்து முழுவதற்கும் உரிய அமைப்பாக அரசாங்கம் விரிவுபடுத்தியது. 2007இல் ஆட்சி மாறியபோது முன்னைய ஆட்சியாளர்களின் திட்டம் என்று அது கைவிடப்படவில்லை. 2018இல் லண்டன் மேயர் சாதிக் கான் அதே முன்மாதிரியில் ஒரு பிரிவை அறிவித்தார். 2019இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 பொலிஸ் பிராந்தியங்களில் இத்தகைய பிரிவுகளுக்கு உள்துறை அமைச்சு நிதி ஒதுக்கியது. ஆனால், நீதிமன்றத்துக்கு அழைத்துப் பேசிய அந்தப் பெயர்பெற்ற திட்டம் 2011இல் முடிவுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லியாகவேண்டும். 2025இல் கிளாஸ்கோவிலும் இர்வினிலும் பதின்ம வயதுச் சிறுவர்கள் கொல்லப்பட்டபோது, கவனம் தளர்ந்துவிட்டதா என்ற கேள்வி அங்கு மீண்டும் எழுந்தது. ஒரு தலைமுறைப் பையன்களைக் காப்பாற்றினால் அடுத்த தலைமுறை தானாகக் காப்பாற்றப்பட்டுவிடும் என்பதில்லை.

எமது மக்களிடம் இத்தகைய அனுபவம் இல்லாமல் இல்லை. 1990களில் ரொறன்ரோவில் தமிழ் இளைஞர் கும்பல்களின் மோதல்கள் சமூகத்தையே தலைகுனிய வைத்தன. 2001 ஒக்டோபரில் பொலிஸாரும் குடிவரவு அதிகாரிகளும் சுமார் ஐம்பது பேரைக் கைதுசெய்தது பலருக்கும் இன்றுவரை நினைவிருக்கிறது. அதற்கு முன்னரே, அந்த வன்முறையைக் கண்டு சும்மா இருக்கமுடியாத தமிழ் இளைஞர்கள் சேர்ந்து கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி நிலையத்தை ஆரம்பித்து, தம்மைவிட இளையவர்களுக்குப் பாடசாலைப் படிப்பில் உதவியும் வழிகாட்டலும் வழங்கினார்கள் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? கைதுகள் வரலாறாகிவிட்டன. மறுபக்கம் மறக்கப்பட்டுவிட்டது.

ஸ்கொட்லாந்துக்கும் எமக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஸ்கொட்லாந்துப் பொலிஸார் பல வருடங்களாக இலங்கைப் பொலிஸாருக்குப் பயிற்சி அளித்துவந்தனர். இங்குள்ள மனித உரிமை நிலைவரத்தைச் சுட்டிக்காட்டிப் புலம்பெயர் தமிழர்கள் உட்படப் பலரும் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, அந்த உடன்பாட்டைப் புதுப்பிப்பதில்லை என்று 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இத்தனை வருடத் தொடர்புக்குப் பிறகும் வடக்கில் வாள்வெட்டுக் குழுக்களை ஒடுக்குவதற்கு விசேட அதிரடிப்படை வரவேண்டும் என்ற குரலையே நாம் அடிக்கடி கேட்டோம். பொலிஸாரும் வைத்தியரும் தாயும் ஒரே மண்டபத்தில் இளைஞர்களுடன் பேசவேண்டும் என்ற குரலைக் கேட்கவில்லை. சட்டத்தைப் பொறுத்தவரை இரு நாடுகளும் ஒரே திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. குற்றப்பொறுப்புக்கான வயதெல்லை இரு நாடுகளிலும் எட்டாகவே இருந்தது. இலங்கை அதை 2018இலும் ஸ்கொட்லாந்து 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் பன்னிரண்டாக உயர்த்தின. சட்டம் மாறிவிட்டது, மனப்போக்கு மாறவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் வடபகுதிக் கிராமமொன்றில் இருந்து எமது நிருபர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பூட்டிக்கிடந்த சனசமூக நிலையத்தைத் திறந்து, பாடசாலையை இடைநடுவில் விட்ட பையன்களை மாலையில் கூட்டி வைத்திருக்கிறார். முன்னால் ஒரு கரப்பந்தாட்ட வலை, உள்ளே ஒரு கரும்பலகை. படிப்பு ஏறாதவர்களை மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்துக்கும் தச்சுப் பட்டறைக்கும் தானே கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டிருக்கிறார். அவர்களில் சிலரைக் குழுக்காரர்கள் தேடி வந்து ஏமாந்து திரும்பியதாகவும் நிருபர் எழுதியிருந்தார். "இதில் செய்தி என்ன இருக்கிறது? ஒன்றும் நடக்கவில்லையே" என்றார் அனுபவமிக்க சக ஆசிரியர் ஒருவர். முடிவில் பரிசளிப்பு வைபவப் படத்துடன் நான்கு பந்திகள் உட்பக்கத்தில் வந்தன. பிரதம விருந்தினரின் பெயர் தலைப்பில் இருந்தது. ஆசிரியரின் பெயர் எங்குமே இல்லை.

பின்னர் அந்தப் பக்கம் போனபோது மாஸ்ரரைச் சந்தித்தேன். பத்திரிகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "எனக்குப் பொன்னாடை ஒண்டும் வேண்டாம், தம்பி. ராத்திரி ஒன்பது மணி மட்டும் மண்டபத்தைத் திறந்து வைக்க விட்டால் போதும். பெடியள் கெட்டுப்போறது ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையிலைதான்" என்றார். மின்கட்டணம், திறப்பு யாரிடம் இருப்பது என்ற தகராறு, நிர்வாகசபைக்குள் இருந்த கட்சிப் பிரிவினை என்று ஒரு பட்டியலையே அவர் சொன்னார். அடுத்த வருடம் அவர் நோய்வாய்ப்பட்டார். மண்டபம் மீண்டும் பூட்டப்பட்டது. அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எத்தனை பையன்கள் அங்கு வந்தார்கள், இன்று அவர்கள் எங்கே என்று சொல்வதற்கு ஒரு பதிவேடுகூட இல்லை.

அங்கீகாரம் என்றால் எமது சமூகத்தில் மேடை, மாலை, பொன்னாடை, விருந்தினர் உரை என்றே விளங்கிக்கொள்ளப்படுகிறது. அவை எல்லாம் ஒரு மாலைப்பொழுதுடன் முடிந்துவிடும். உண்மையான அங்கீகாரம் மூன்று காரியங்களில் இருக்கிறது. முதலாவது, இத்தகைய பணியில் ஈடுபடுபவர்களிடம் போய் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைப்பதும் பலனை எண்ணிப் பார்ப்பதும். இரண்டாவது, ஒரு தனிமனிதரின் உடல்நலத்தில் தங்கியிராத வகையில் சிறிய தொகையையேனும் வருடந்தோறும் ஒதுக்குவது. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் நுழைவாயில் வளைவுகளுக்கும் மண்டபங்களுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, அந்த மண்டபங்களை இரவில் திறந்து வைத்திருப்பதற்கு அனுப்பலாம். மூன்றாவது, பிரதேச செயலகம், பாடசாலை, வைத்தியசாலை, நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸ் ஆகியோரை மாதம் ஒரு தடவையாவது ஒரே மேசையில் அமரவைப்பது. கிளாஸ்கோவில் நடந்ததும் அடிப்படையில் இதுதான்.

பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடந்த வருடம் வாள்வெட்டு இடம்பெற்று இந்த வருடம் இடம்பெறாத கிராமங்கள் எவை என்று தேடிப்போய், ஏன் இடம்பெறவில்லை என்று அங்குள்ளவர்களைக் கேட்கவேண்டும். சில இடங்களில் பதில் வெறும் தற்செயலாக இருக்கலாம். சில இடங்களில் அந்தப் பதிலுக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் கையில் ஒரு மண்டபத் திறப்பும் இருக்கும்.