எங்கே பிரிந்தது?

“என்ன வேலை செய்கிறாய்?” என்று நம்மவர்கள் கேட்டால், “ஒட்டிப்போட்டு இழுத்துப் பிரிக்கிற வேலை” என்று சொல்லுவேன். சிரிப்பார்கள். உண்மை அதுதான்.

சுவிற்சர்லாந்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் செயற்கை இடுப்பு மூட்டுத் தண்டுகளுக்குப் பூச்சுப் போடுகிறோம். தண்டு ரைற்றேனியம். முல்லைத்தீவுக்குத் தெற்கே புல்மோட்டையில் கிடக்கும் கறுப்பு மணலிலும் இதன் தாது இருக்கிறது. ஊரில் இருக்கும்போது அந்த மணலை யார் கவனித்தோம்! பூச்சு, எலும்பில் உள்ளதைப் போன்ற ஒரு கல்சியப் பொருள். எலும்பு அதோடு சேர்ந்து வளரும்.

ரைற்றேனியம் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஒட்சைட்டுத் தோலைப் போர்த்துக்கொள்ளும். துருப்பிடிக்காதது அதனால்தான். ஆனால் வழுவழுப்பான மேற்பரப்பில் பூச்சுப் பிடிக்காது. கடினமான துணிக்கைகளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் பூச்சைச் சூட்டில் உருக்கித் தெளிப்பார்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. விரல் எண்ணெய் பட்டாலும் பிடிப்புக் குறையும்.

தண்டையே பிய்த்துப் பார்க்க முடியாதுதானே. அதனால் 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத் துண்டுகளுக்கும் கூடவே பூசுவோம். பூச்சின் மேல் பசையால் இன்னொரு துண்டை ஒட்டி, இறுகவிட்டு, இயந்திரத்தில் கொழுவி இரு பக்கமும் இழுப்போம். சர்வதேச நியமப்படி சராசரி 15 மெகாபஸ்காலுக்குக் குறையக்கூடாது. அந்தச் சின்ன வட்டத்தில் முக்கால் தொன் பாரம் தொங்குவது மாதிரி.

இலக்கத்தை இயந்திரம் எழுதிவிடும். எங்கே பிரிந்தது என்பதை மனிசன்தான் பார்க்கவேண்டும். பசையில் பிரிந்தால் பூச்சு அதைவிடப் பலம் என்று மட்டும் தெரியும். பூச்சுக்குள்ளேயே பிளந்தால் தெளித்த விதத்தில் குறை. அடியில் வெறும் உலோகம் தெரிந்தால், பூச்சு ஒழுங்காக ஒட்டவில்லை.

ஒருநாள் ஐந்து துண்டுகளில் ஒன்று சிறிய இழுவைக்கே கழன்று வந்தது. அடியில் வெறும் உலோகம். சாமான் அனுப்பும் நாளும் நெருங்கியிருந்தது. “பசை பிழை என்று எழுது, மற்ற நாலும் காணும்” என்றார் மேற்பார்வையாளர். அவர் படித்தவர். நான் 2008இல் ஓ.எல். எழுதாமலே இடம்பெயர்ந்தவன். துண்டுகளை உருப்பெருக்கியின் கீழே வைத்துக் காட்டினேன். பூச்சு முழுவதும் பசையோடு மற்றத் துண்டில் போயிருந்தது. பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கண்டதை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அந்தத் தொகுதியை நிறுத்தினார்கள். எனக்கு இரண்டு மாதம் ஓவர்ரைம் இல்லை. ஊருக்கு அனுப்பும் காசிலும் துண்டு விழுந்தது.

எங்கள் கீழ்மாடியில் இருக்கும் மாமிக்கு இடுப்பு மாற்றி மூன்று வருடம். போன கிழமை படியில் கண்டு, “தம்பி, இது கழராதோ?” என்று கேட்டார்.

“ஆரோ ஒருத்தர் இழுத்துப் பார்த்திருப்பினம் மாமி” என்று சொல்லி, அவருடைய சாமான் பையை வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். பின்னால் அவரும் கைபிடிச் சுவரைப் பிடிக்காமலே ஏறி வந்தார்.