மேனேஜர் ரூம் வேலை

மூணு வாரமா ஆபீஸ் மாடியில மேனேஜர் ரூமைப் புதுப்பிக்கிறாங்க. ஆபீசுக்கு மட்டும் லீவு கிடையாது. புதுச்சேரி குருசுக்குப்பத்துல, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பழைய வீடு. மேலே டிரில்லிங், கீழே நாங்க போன்ல "ஹலோ, ஹலோ".

படிக்கட்டு வாசல்ல பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி, தண்ணி தெளிச்சு வெட்டுங்கன்னு முதல் நாளே சொல்லியிருக்கணும். ஏசி ஃபில்டர் வெள்ளையானப்புறம்தான் புத்தி வந்தது. இப்போ சத்தமான வேலையெல்லாம் ஒன்பது மணிக்கு முன்னாடி, ஆறு மணிக்கு அப்புறம்.

மேஸ்திரி ஒரு சுவரைச் சுரண்டிக் காட்டினார். மேலே புது சிமெண்ட், உள்ளே பழைய சுண்ணாம்பு. "சுண்ணாம்பு ஈரத்தை வெளிய விடும் சார். சிமெண்ட் அடைச்சிடும், உப்பு பூத்து உதிரும்." போன தடவை பளபளப்புக்கு ஆசைப்பட்டவங்க பண்ணின வேலை.

அந்தப் பழைய சுவரைப் பார்த்ததும் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் ஞாபகம் வந்தது. (சின்ன வயசுல மேரின்னா மாதா பேருன்னு நினைச்சிருந்தேன். பிரெஞ்சுல நகராட்சி அலுவலகமாம்.) 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் மழையில சரிஞ்சு விழுந்துச்சு. அதே தோற்றத்துல திரும்பக் கட்டி 2021-ல திறந்தாங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா பழைய சுவர் பழைய சுவர்தான்.

மேனேஜர் இப்போ எங்க நடுவுல, பிரிண்டர் பக்கத்து மேஜையில. லீவு கேக்க மாடி ஏற வேண்டாம். ரூம் சீக்கிரம் முடியணும்னு இங்க யாருக்கும் அவசரமில்ல.